வளைவில் வெல்லும் குட்டிக் கார்

குன்னத்தூர்ச் சாலையில் பனியன் மூட்டைகளை உயரமாக அடுக்கிய வேன் ஒன்று வருகிறது. நேர்ப்பாதையில் விரைந்த அது, வளைவில் மட்டும் வேகத்தைக் குறைப்பது ஏன்? உள்ளங்கை அளவுள்ள ஸ்லாட் கார் இதற்கு விடை சொல்லும்.

1957இல் பிரிட்டனில் ஸ்காலெக்ஸ்டிரிக் என்ற பெயரில் மின்சாரப் பந்தயப் பொம்மைகள் விற்பனைக்கு வந்தன. பாதையின் நடுவே ஒரு பள்ளம்; அதன் இருபுறமும் மின்சாரம் பாயும் உலோகப் பட்டைகள். காரின் முன்பகுதியிலுள்ள நாக்கு பள்ளத்தில் இறங்கி வழிகாட்டும். பித்தளைத் தகட்டையும் எஃகுக் கம்பியையும் பற்றவைத்து, இத்தகைய காரைத் தாமே கட்டுவோரும் உண்டு. அவர்களுடைய கவலையெல்லாம் வளைவைப் பற்றியதே!

வேகம் இரு மடங்கானால், காரை வளைவில் திருப்பத் தேவையான விசை நான்கு மடங்காகும். அந்த விசையை டயரின் உராய்வு தராவிட்டால் கார் சறுக்கும். எடை உயரத்தில் இருந்தால் கவிழும்.

சோதித்துப் பார்ப்போமா? பலகை ஒன்றின் மேல் காரைக் குறுக்காக நிறுத்தி, பலகையின் ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்துங்கள். சக்கரங்களின் வெளிவிளிம்புகளுக்கு இடையே 60 மி.மீ. அகலமும், ஈர்ப்பு மையம் 30 மி.மீ. உயரத்திலும் இருந்தால், கார் 45 பாகையில் கவிழும். ஈர்ப்பு மையத்தை 15 மி.மீ. உயரத்துக்கு இறக்கினால், கவிழ ஏறத்தாழ 63 பாகை வேண்டும். சாதாரண டயர் அதற்கு முன்பே சறுக்கிவிடும். சறுக்கும் காரை வேகம் குறைத்துக் காப்பாற்றலாம். கவிழ்ந்த காரை என்ன செய்வது?

ஆகவே மோட்டாரைத் தாழ்வாகப் பொருத்துங்கள். மேற்கூடு லேசாக இருக்கட்டும். ஈயத் துண்டுகளை அடித்தகட்டில் ஒட்டுங்கள்; மிகுந்தால் கார் மந்தமாகும். டயர்களைச் சுழலவிட்டு, மணல்தாளால் சீராகத் தேயுங்கள். ஒரு முறைக்கு ஒரே மாற்றம் செய்து, 5 சுற்றுகளின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரிய கார்களுக்கும் இதே விதிதான். கோவை நூற்பாலைக் குடும்பத்தைச் சேர்ந்த கரிவர்தன், 1980களின் இறுதியில், மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் தாழ்வான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். அவர் 1995இல் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இனி உங்கள் காரின் கூரைமேல் ஒரு சிறு மூட்டையை ஒட்டுங்கள். பலகை எத்தனை பாகை சாய்ந்ததும் கார் கவிழ்கிறது? அளந்து பாருங்கள்!