கரிசல் வட்டாரத்தில் செவித்திறன் குறைபாடுடைய மாணவர்களின் உயர்கல்வி: சேர்க்கையும் வகுப்பறை மொழியும்

முன்னுரை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இன் 32ஆம் பிரிவு, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒதுக்குகிறது. காது கேளாதோருக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி அளிக்கப்பட வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. முன்னது சேர்க்கை பற்றியது. பின்னது வகுப்பறை பற்றியது. பின்னது நிறைவேறாதவிடத்து முன்னது பயன்தராது என்பதைக் கோவில்பட்டியை மையமாகக் கொண்ட கரிசல் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

பள்ளிக்குப் பின்

கோவில்பட்டிக்குத் தெற்கே, பாளையங்கோட்டையில், புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி இன்று மேல்நிலைப் பள்ளியாக இயங்குகிறது. ஆகவே, இவ்வட்டார மாணவர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தம்மையொத்த மாணவரோடு பயில வழியுண்டு. அதன்பின், இத்தகைய மாணவர்களுக்கெனத் தனியே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகளை நடத்தும் மாநிலக் கல்லூரியோ ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் சென்னையில் உள்ளது. மானாவாரி வேளாண்மையையும் தீப்பெட்டித் தொழிலையும் நம்பிய குடும்பங்கள் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, அத்தொலைவுக்கு அனுப்புவது எளிதன்று. அவர்களுக்கு எட்டக்கூடியது உள்ளூர்க் கல்லூரியின் பொதுவகுப்பே.

வகுப்பறையில் மொழி

உதட்டசைவைக் கொண்டு பாடத்தைப் புரிந்துகொள்ளலாம் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. பகரமும் மகரமும் இதழியைந்து பிறப்பன. எனவே, ‘பணம்’, ‘மணம்’ ஆகிய இரண்டும் பார்வைக்கு ஒன்றே. ஆசிரியர் கரும்பலகையை நோக்கித் திரும்பியவாறே பேசினால் அவ்வசைவும் மறைந்துவிடும்.

இந்தியச் சைகைமொழி தனக்கெனத் தனி இலக்கணம் உடையது. தமிழ் வேற்றுமை உருபுகளால் உணர்த்தும் உறவுகளுள் பலவற்றை அது கையசைவின் திசையாலும் இடத்தாலும் உணர்த்துகிறது. ஆதலால், அதனை முதன்மொழியாகக் கொண்ட மாணவர் எழுதும் தமிழில் உருபுகளும் வினைவிகுதிகளும் விடுபடக்கூடும். இதனை அறிவுக்குறையாகக் கொள்ளாமல், இரண்டாம் மொழி கற்போரின் இயல்பாகக் கொள்வதே பொருந்தும்.

தமிழகப் பொதுத்தேர்வில் இம்மாணவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்குக் கோரும் சலுகை உண்டு. அது தேர்ச்சிக்கு உதவுகிறது. எனினும், ஆங்கிலத்தைப் பயிலாது வந்த மாணவர் கல்லூரியில் ஆங்கிலப் பாடநூல்களை எதிர்கொள்ளும்போது, அன்று குறைந்த சுமை இன்று கூடுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செயல்கள் இன்றியமையாதன எனலாம். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே சைகைமொழிபெயர்ப்பாளரை அமர்த்த இயலாதெனில், கோவில்பட்டிப் பகுதிக் கல்லூரிகள் இணைந்து அமர்த்தலாம். ஒரே நேரத்தில் மொழிபெயர்ப்பாளரைப் பார்க்கவும் குறிப்பெடுக்கவும் மாணவரால் இயலாது. எனவே, பாடக்குறிப்பை முன்கூட்டியே எழுத்தில் வழங்க வேண்டும். மொழிப்பாடம் அல்லாத தாள்களில் கருத்துக்கும் மொழிநடைக்கும் மதிப்பெண்ணைப் பிரித்தளிக்க வேண்டும். இவை இல்லாத நிலையில், சேர்க்கைப் பதிவேட்டில் இடம்பெற்ற மாணவர் வகுப்பறைக்குள் பார்வையாளராகவே எஞ்சுவார்.