இன்னும் ஒரு வருஷம்

1986 நவம்பர் 13ஆம் தேதி மாஸ்கோவில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் பொலிட்பீரோ கூடியது. ஆப்கானிஸ்தானுக்குள் படை போய் ஏழு ஆண்டு நிறையப்போகிற சமயம். தலைமைத் தளபதி மார்ஷல் அக்ரமெயெவ் அன்றைக்கு எதையும் பூசி மெழுகவில்லை. அந்த நாட்டில் சோவியத் சிப்பாயின் கால் படாத இடம் கிடையாது, ஆனாலும் பெரும்பகுதி நிலம் கிளர்ச்சியாளர் கையில்தான் இருக்கிறது என்றார். காபூலும் மாகாணத் தலைநகரங்களும் நம் வசம், பிடித்த ஊரில் ஓர் ஆட்சியை நிலைநிறுத்தத்தான் முடியவில்லை, ஆப்கன் மக்களை நம் பக்கம் திருப்பும் போரில் தோற்றாயிற்று என்பது அவர் பேச்சின் சாரம். ஒன்றிரண்டு ஆண்டுக்குள் இதை முடித்தாக வேண்டும் என்று கொர்பச்சேவும் சொன்னார். பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை. அப்படியும் கடைசிப் படைப்பிரிவு எல்லையைத் தாண்டி ஊர் திரும்ப இரண்டேகால் ஆண்டு பிடித்தது.

அந்நிய மண்ணில் நடக்கும் போரிலிருந்து படையைத் திருப்பி அழைக்கலாமா என்ற பேச்சு எந்த நாட்டில் எழுந்தாலும் இரண்டு கேள்விகளையே சுற்றி வருகிறது. ஜெயிக்க முடியுமா? விட்டு வந்தால் அங்கே என்ன ஆகும்? இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் எந்தத் தளபதியாலும் எந்த அமைச்சராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாதவை. அதனால் விவாதம் முடிவதில்லை. அது முடிகிற வரை படையும் அங்கேயே நிற்கிறது. கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: இன்னும் ஒரு வருஷம் இருந்தால், இன்றைக்கு இல்லாத எது அன்றைக்குக் கையில் இருக்கும்? இதற்கு ஜோசியம் வேண்டாம். போன வருஷம் என்ன கிடைத்தது என்று பார்த்தால் போதும். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை இருந்த ஒன்பது ஆண்டுகளை இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்க நமக்கு வசதி இருக்கிறது. பொலிட்பீரோவின் ரகசியக் குறிப்புகள் பின்னாளில் வெளிவந்துவிட்டன. செத்தவர்களின் எண்ணிக்கையும் ஆண்டுவாரியாக அச்சில் இருக்கிறது.

தெரியாத்தனமாகப் போய்ச் சிக்கிய போர் என்று இதைச் சொல்ல முடியாது. 1979 மார்ச்சில் ஹெராத் நகரில் கலகம் வெடித்தபோது ஆப்கன் தலைவர் தராக்கி, சோவியத் படையை அனுப்பும்படி மன்றாடினார். பிரதமர் கோசிகின் மறுத்துவிட்டார். எங்கள் படை வந்தால் உங்கள் நிலைமை இன்னும் மோசமாகும் என்று காரணமும் சொன்னார். ஒன்பதே மாதத்தில் எல்லாம் தலைகீழானது. தராக்கியைக் கவிழ்த்துப் பதவிக்கு வந்து அவரைத் தீர்த்தும் கட்டிய அமீன் அமெரிக்கா பக்கம் சாய்ந்துவிடுவாரோ என்ற சந்தேகத்தில், பிரெஷ்னெவைச் சுற்றியிருந்த மூன்று நாலு பேர் கூடி முடிவெடுத்தார்கள். அப்போதைய தலைமைத் தளபதி ஒகார்கவின் ஆட்சேபணை எடுபடவில்லை. டிசம்பர் 27 இரவு அமீன் தன் மாளிகையிலேயே கொல்லப்பட, பப்ராக் கர்மால் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டார். நகரங்களையும் சாலைகளையும் கொஞ்ச காலம் காத்துக் கொடுத்தால் மற்றதை ஆப்கன் ராணுவமே பார்த்துக்கொள்ளும் என்பது அன்றைய கணக்கு.

அந்தக் கணக்கு எங்கே இடறியது என்பதற்குக் காபூலுக்கு வடக்கே இருக்கும் பஞ்ச்ஷேர் பள்ளத்தாக்கே சாட்சி. சோவியத் எல்லையிலிருந்து சலாங் கணவாய் வழியாகக் காபூலுக்கு வரும் முக்கியச் சாலைக்கு எட்டும் தூரத்தில் அது இருக்கிறது. அங்கிருந்து கிளர்ச்சித் தளபதி அஹமத் ஷா மசூதின் ஆட்கள் இறங்கிவந்து லாரி வரிசைகளைத் தாக்கிவிட்டுப் போவார்கள். 1980க்கும் 1985க்கும் இடையே ஒன்பது முறை பெரும்படை பள்ளத்தாக்குக்குள் ஏறியது. ஒவ்வொரு முறையும் பிடித்தது. பிறகு விட்டு வந்தது. 1984 ஏப்ரல் தாக்குதலுக்கு முன்பே தகவல் கசிந்து, மசூத் கிராமத்து மக்களை வெளியேற்றிவிட்டார். குண்டு பொழிந்து முடித்துப் படை நுழைந்தபோது ஊர்கள் ஆளில்லாமல் கிடந்தன. அந்த ஆண்டில்தான் சோவியத் தரப்பில் சாவு அதிகம்: 2,343 பேர். இத்தனைக்கும் 1983இல் இதே மசூதோடு ரகசியமாகப் பேசிச் சண்டை நிறுத்தம் செய்துகொண்டபோது பஞ்ச்ஷேர் ஏறக்குறைய ஒரு வருஷம் அமைதியாக இருந்தது. பீரங்கியால் ஆகாதது பேச்சில் ஆகியிருக்கிறது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கிழக்கே கோஸ்ட் நகரின் கதை இன்னும் விசேஷம். வருஷக்கணக்காக முற்றுகையில் இருந்த அந்த ஊருக்கு அரிசி பருப்பிலிருந்து தோட்டா வரை விமானத்தில்தான் போக வேண்டும். கர்தேஸிலிருந்து அங்கே செல்லும் மலைச்சாலையைத் திறக்க 1987 நவம்பரில் ஏறத்தாழ 20,000 பேர் கிளம்பினார்கள். ஜத்ரான் குலத்தாரோடு நடத்திய பேச்சு முறிந்தது. கணவாய்களில் ரத்தம் சிந்திச் சண்டை போட்டு, டிசம்பர் கடைசியில் சாலை திறந்தது. லாரிகள் சாரிசாரியாகச் சாமான் ஏற்றிப் போயின. ஜனவரி முடிவதற்குள் படை திரும்பியது. சாலை மறுபடி மூடிக்கொண்டது. போரின் எட்டாவது ஆண்டில், அத்தனை பேரையும் அத்தனை பீரங்கிகளையும் கொண்டுபோய் வாங்கியது சில வார லாரிப் போக்குவரத்து. படைக்கு வீரம் குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. சாலையைத் திறப்பது ராணுவத்தின் வேலை. திறந்த சாலை திறந்தே இருப்பது வழிநெடுக வாழ்கிறவர்கள் கையில் இருக்கிறது.

இதற்குக் கொடுத்த விலையையும் பார்த்துவிடலாம். 1989இல் பிராவ்தா வெளியிட்ட ராணுவக் கணக்குப்படி செத்தவர்கள் 13,833 பேர். கேஜிபி, உள்துறைப் படையினரையும் சேர்த்தால் 14,000ஐத் தாண்டும். அங்கே போய்வந்த சுமார் 6,20,000 பேரில் நாலு லட்சத்துக்கும் மேல் நோயில் விழுந்தார்கள். கல்லீரல் அழற்சி மட்டும் 1,15,000 பேருக்கு மேல், டைபாய்டு 31,000 பேருக்கு மேல். எதிரியின் தோட்டாவைவிடக் குடிதண்ணீர்தான் அந்தப் படையைப் படுக்கையில் தள்ளியது. ஆப்கன் மக்களின் இழப்போடு வைத்துப் பார்த்தால் இதெல்லாம் சொற்பம். பத்து லட்சம் உயிர் வரை போயிருக்கும் என்பது மதிப்பீடு. ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானோர் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் அகதிகளாகப் போனார்கள். சோவியத் ஊர்களுக்குத் துத்தநாகப் பெட்டிகளில் உடல்கள் வந்து இறங்கின. 1981 ஜூலையில் பொலிட்பீரோவில் ஒரு பேச்சு: செத்த சிப்பாயின் கல்லறைக் கல்லுக்குக் குடும்பத்துக்கு 1,000 ரூபிள் கொடுக்கலாமா? கட்சியின் கொள்கைத் தலைவர் சுஸ்லோவுக்குத் தயக்கம். கல்லில் என்ன எழுதுவது, ஒரே கல்லறைத் தோட்டத்தில் இப்படிப் பல கற்கள் நின்றால் அரசியல்ரீதியாகச் சரிப்படுமா என்று கேட்டார். கல்லறையில்கூடப் பெயர் சொல்ல முடியாத ஒரு போரை எதற்காக நடத்துகிறோம் என்று அந்த மேசையில் ஒருவர் கேட்டிருந்தால் ஏழரை ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

1985 மார்ச்சில் கொர்பச்சேவ் பதவிக்கு வந்தார். அக்டோபரில், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் எழுதிய கடிதங்களைப் பொலிட்பீரோவில் வாசித்துக் காட்டினார். அடுத்த கோடைக்குள் உங்கள் காரியத்தை நீங்களே பார்த்துக்கொள்ளத் தயாராகுங்கள் என்று கர்மாலுக்கும் சொல்லியாயிற்று. ஆக, வெளியேறும் எண்ணம் அப்போதே உறுதி. (தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணையைக் கொடுத்து நாங்கள்தான் விரட்டினோம் என்று அமெரிக்காவில் சிலர் பெருமை பேசுவதுண்டு. முதல் ஸ்டிங்கர் பாய்ந்ததே 1986 செப்டம்பரில்தான்.) பிறகு ஏன் 1989 பிப்ரவரி வரை இழுத்தது? கௌரவமான ஒப்பந்தம் ஒன்று வேண்டும், கிளர்ச்சியாளருக்கு ஆயுதம் போவது முதலில் நிற்க வேண்டும் என்பதற்காகக் காத்திருந்தார்கள். 1988 ஏப்ரல் 14 அன்று ஜெனீவாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நீங்கள் காபூலுக்கு ஆயுதம் கொடுக்கும் வரை நாங்களும் எங்கள் ஆட்களுக்குக் கொடுப்போம் என்று அமெரிக்கா அப்போதே அறிவித்துவிட்டது. எதற்காகக் காத்திருந்தார்களோ அது கடைசிவரை கிடைக்கவே இல்லை. 1986இல் 1,333 பேர், 1987இல் 1,215, 1988இல் 759, 1989இல் 53. கூட்டினால் 3,360 பேர், வெளியேறுவது என்று மனத்தளவில் முடிவானபிறகு செத்தவர்கள்.

அந்த மூன்று ஆண்டும் வீணாகவில்லை, ஆப்கன் அரசைத் தன் காலில் நிற்கவைக்க அந்த அவகாசம் தேவைப்பட்டது என்று இதற்கு ஒரு பதில் உண்டு. எளிதில் தள்ளக்கூடிய வாதம் இல்லை இது. 1986 மே மாதம் கர்மாலை மாற்றி நஜிபுல்லாவைக் கொண்டுவந்தார்கள். 1987 ஜனவரியில் அவர் தேசிய சமரசம் அறிவித்தார். கடைசியில் அவர் நின்றும் காட்டினார். படை போனதும் சில மாதத்தில் காபூல் விழும் என்று வாஷிங்டனிலும் இஸ்லாமாபாத்திலும் நாள் எண்ணினார்கள். 1989 மார்ச்சில் பாகிஸ்தான் உளவுத்துறையின் முழு ஆதரவோடு கிளர்ச்சியாளர்களான முஜாஹிதீன்கள் ஜலாலாபாத்தைச் சூழ்ந்தார்கள். வெளியுறவு அமைச்சர் ஷெவர்ட்நாட்சே பதறிப்போய், சோவியத் விமானங்களை அனுப்பிக் குண்டு போடலாம் என்று வற்புறுத்தினார். கொர்பச்சேவ் மறுத்துவிட்டார். சோவியத் படைப்பிரிவு எதுவும் இல்லாமல் ஆப்கன் ராணுவம் அந்த நகரைக் காப்பாற்றியது. நஜிபுல்லாவைத் தாங்கியது மாஸ்கோவிலிருந்து வந்த பணமும் டீசலும் கோதுமையும் ஸ்கட் ஏவுகணையும். அதைக் கொண்டு அவர் உள்ளூர்ப் படைத் தலைவர்களை விலைக்கு வாங்கினார். அந்நியப் படை நாட்டை விட்டுப் போனதால் ‘காஃபிரை விரட்டுவோம்’ என்ற கோஷத்துக்கும் வேகம் குறைந்தது. 1991 செப்டம்பரில், இரு தரப்பும் ஆயுத உதவியை நிறுத்துவது என்று மாஸ்கோவும் வாஷிங்டனும் ஒப்புக்கொண்டன. 1992 ஜனவரியோடு சப்ளை நின்றது. வடக்கே படைத் தலைவர் தோஸ்தும் கட்சி மாறினார். ஏப்ரலில் நஜிபுல்லா ஆட்சி கவிழ்ந்தது. சோவியத் யூனியனே கலைந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அரசை நிற்கவைத்தவை சரக்கும் சமரசமும். லட்சம் சிப்பாய்களைக் கூடுதலாக மூன்று ஆண்டு அங்கே நிறுத்தாமலே அவை இரண்டையும் கொடுத்திருக்கலாம்.

அப்படியென்றால் 2021 ஆகஸ்ட் 15? அமெரிக்கப் படை முழுதாக வெளியேறும் முன்பே காபூல் தாலிபான் கைக்குப் போனதே என்று கேட்கலாம். அந்த வீழ்ச்சியும் இதே பக்கம்தான் பேசுகிறது. 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்கா தாலிபானோடு நேரடியாகக் கையெழுத்திட்டது. காபூல் அரசுக்கு அந்த மேசையில் இடமே இல்லை. சண்டை போட வேண்டிய ஆப்கன் சிப்பாய்க்கு அன்றே செய்தி புரிந்துவிட்டது. அவனுடைய விமானங்களைப் பழுதுபார்த்த வெளிநாட்டு ஒப்பந்தப் பணியாளர்கள் படையோடு சேர்ந்தே மூட்டை கட்டினார்கள். இருபது ஆண்டு இருந்தும் இவ்வளவுதான் என்றால் இருபத்தோராவது ஆண்டு எதை மாற்றியிருக்கும்? சமரசத்தை முன்னால் முடித்து, சப்ளையைப் பின்னால் தொடர்ந்திருந்தால் காபூல் தப்பித்திருக்குமா என்பது வேறு விவாதம். அதைப் படை இருக்கும்போதே செய்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கௌரவம் போய்விடும், செத்தவர்களின் தியாகம் வீணாகிவிடும் என்ற வாதங்களுக்கு நான் அதிக இடம் கொடுக்க மாட்டேன். போன உயிருக்கு மரியாதை செய்ய இன்னோர் உயிரைக் கேட்பது எந்தக் கணக்கிலும் சேராது. கிழக்கு ஐரோப்பா கையை விட்டுப் போனதே இந்த வெளியேற்றத்தால்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். போலந்தின் தொழிலாளர்கள் 1980லேயே, படை காபூலில் இருக்கும்போதே, ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிவிட்டார்கள். நமக்குப் பக்கத்து உதாரணமும் இருக்கிறது. சோவியத் படை வீடு திரும்பிய அதே 1989இல் இந்திய அமைதிப் படை ஈழத்தில் இருந்தது. அங்கே 1,100க்கும் மேற்பட்ட இந்திய சிப்பாய்கள் இறந்தார்கள். ஜூன் மாதம் இலங்கை அதிபர் பிரேமதாசாவே வெளியேறச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரரே கிளம்புங்கள் என்ற பிறகும் கடைசிக் கப்பல் திரிகோணமலையை விட்டுப் புறப்பட 1990 மார்ச் 24 ஆனது. தனக்குப் பின் நிற்க இந்தியா உருவாக்கிய தமிழ் தேசிய ராணுவம் அதற்கு முன்பே கரைந்துபோயிருந்தது.

உண்மையிலேயே மனத்தை உறுத்துவது வேறொரு ஆட்சேபம்: அந்நியப் படையை நம்பி வேலை பார்த்த உள்ளூர்க்காரர்களின் கதி. 1992க்குப் பிறகு முஜாஹிதீன் குழுக்கள் ஒன்றோடொன்று மோதி, ஒன்பது ஆண்டுப் போரில் பெரிதாகச் சிதையாத காபூல் நகரையே இடித்துத் தள்ளின. ஐ.நா. அலுவலகத்தில் தஞ்சம் புகுந்திருந்த நஜிபுல்லாவை 1996 செப்டம்பரில் தாலிபான்கள் இழுத்துப் போய்க் கொன்றார்கள். இந்தக் கடன் நிஜமான கடன். வெளியேறுவதை ஆதரிக்கிறவர்கள் இதை மழுப்பக் கூடாது. ஆனால் படை இருந்தபோதும் கிராமங்கள் காப்பாற்றப்படவில்லை. பத்து லட்சம் வரை என்று மதிப்பிடப்படும் சாவுகள் அப்போதுதான் நடந்தன. ஆபத்தில் இருக்கிறவர்களை அடையாளம் கண்டு அழைத்துப் போவதற்கு டாங்கிகள் தேவையில்லை. அமெரிக்கப் படைக்கு உதவிய ஆப்கன் மொழிபெயர்ப்பாளர்களுக்கு விசா தருவதற்கு 2009இலேயே சட்டம் வந்துவிட்டது. விண்ணப்பங்கள் வருஷக்கணக்கில் கோப்புகளில் கிடந்தன. 2021 ஆகஸ்டில் இரண்டே வாரத்தில் 1,20,000க்கும் மேற்பட்டோரை விமானத்தில் ஏற்றியபோதும் விசாவுக்குக் காத்திருந்தவர்களில் பலர் விமான நிலைய வாசலுக்கு வெளியே நின்றுபோனார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது கோப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் அதிகாரிகள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு அவகாசமும் இருந்தது.