போதையும் திருட்டும்

சென்ற திங்கள் நம் விடுதிக் குளியலறையில் நான்கு பித்தளைக் குழாய்கள் காணாமற் போயின. திருடியவன் பிடிபட்டான், இருபது வயதுதான் இருக்கும். 'ஸ்மேக்' பொட்டலத்துக்குப் பணமில்லை என்று அழுதான். அவனை அடிக்கக் கை ஓங்கியவர்களுள் நானும் ஒருவன். பின்னர்தான் யோசித்தேன்: அவனைத் திருடனாக்கியது அந்தத் தூளா, அதன் விலையா?

தூளின் சரக்கு ஹெராயின். அபினிலுள்ள மார்பினிலிருந்து 1874-ல் லண்டனில் ரைட் என்பவர் முதன்முதல் செய்தார். 1898-ல் பேயர் கம்பெனி அதை இருமல் மருந்தாகவே விற்றது! இன்று தெருவில் அதன் விலை, செய்யும் செலவைப்போலப் பன்மடங்கு. பிடிபடும் அபாயம், லஞ்சம், தரகர் இலாபம் யாவும் விலையில் ஏறுகின்றன. விலை ஏறினால் கத்தரிக்காயை விட்டுவிடலாம். அடிமைப்பட்டவனால் இதை விட இயலாது. ஒரு வேளை தவறினால் அரை நாளுக்குள் உடல் முறுக்கும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வாட்டும்.

சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரத்துப் பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் ஊசி போடுவோர் திரளாகக் கூடினர். 1992-ல் போலீசார் பூங்காவை மூடினர். கூட்டம் அருகிலுள்ள லெட்டன் என்னும் பழைய ரயில் நிலையத்துக்குப் பெயர்ந்தது, அவ்வளவே. 1994-ல் அரசாங்கம் வேறு வழி கண்டது. பிற சிகிச்சைகள் பலிக்காத நெடுநாள் அடிமைகளுக்கு மருத்துவரே ஹெராயின் தந்தார்; தாதியர் கண்முன்னேயே போட்டுக்கொள்ள வேண்டும். சேர்ந்தபோது நூற்றுக்கு 69 பேருக்குச் சட்டவிரோத அல்லது அதையொட்டிய வழிகளில் வருமானம் இருந்தது. ஒன்றரை ஆண்டில் அது 10 ஆயிற்று. 2008-ல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 68 சதவீதத்தினர் இத்திட்டத்தை ஏற்றனர்.

ஆயினும் தடையே குற்றத்தின் தாய் என்று நான் முழங்கமாட்டேன். அங்கும் தெருவில் விற்பது குற்றமே. மருந்தோடு மருத்துவரும் சமூக உதவியும் கிடைத்தன. எது எவ்வளவு பயன் தந்தது என்று பிரித்தறிவது அரிது. போதைக்கு முன்பே திருடப் பழகியவரும் உளர். சாராயக்கடை சட்டப்படி திறந்திருக்கும் ஊரிலும் மனைவியை அடிப்பவன் அடிக்கத்தான் செய்கிறான். எனினும் அன்றாடப் பொட்டலத்துக்கான திருட்டில் பெரும்பங்கு விலைக்கே உரியது என்பது என் துணிபு.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹெராயின் உட்கொண்டாலே ஓராண்டு வரை சிறை உண்டு. தானே சிகிச்சைக்கு முன்வருபவனை அந்த வழக்கிலிருந்து விடுவிக்க அதே சட்டத்தில் 64-ஏ என்றொரு பிரிவும் இருக்கிறது. அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றில், நாவின்கீழ் வைக்கும் பூப்ரநார்பின் மாத்திரை தருகிறார்கள். உடல் முறுக்கலை அது அடக்கும்.

அன்று விடுதியில் இதை அறிந்தவர் எவருமில்லை. பையனைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் சாப்பிடப் போனோம்.