ஆற்றோரத் தாழ்நிலங்களில் நைட்ரசன் நீக்கம்

ஆற்றோரத் தாழ்நில நைட்ரசன் நீக்கம் என்பது, வயல்களிலிருந்து வழிந்தும் கசிந்தும் வரும் நீரிலுள்ள நைட்ரேட்டை, அந்நீர் ஆற்றை அடையும் முன்பே கரையோர ஈரநிலம் குறைத்துவிடும் இயற்கை நிகழ்வு ஆகும். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டம் உள்ளிட்ட பாலாற்று வடிநிலப் பகுதிகளில் நெல், கரும்பு, தென்னை பயிராகின்றன; பல இடங்களில் கிணறுகள் குடிநீருக்கும் ஆதாரம். அதனால் இந்நிகழ்வு அங்கு குடிநீரின் தரத்தோடு நேரடித் தொடர்புடையது.

வயலில் இட்ட யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்ளாத பகுதியை மண் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டு எதிர்மின்னூட்டம் கொண்டது. களிமண் துகள்களும் பெரும்பாலும் அப்படியே. ஆகவே மண்ணால் அதைப் பிடித்துவைக்க முடிவதில்லை. நீரோடு கீழிறங்கி, தாழ்வான பக்கம் நோக்கி நகர்கிறது.

ஆற்றோரத் தாழ்நிலத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். மண்துளைகளில் நீர் நிறைந்திருப்பதால் ஆக்சிசன் மிகக் குறைவு. மக்கும் இலையும் வேரும் கரிமப்பொருளைத் தருகின்றன. இச்சூழலில் வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிசனுக்குப் பதிலாக நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. நைட்ரேட்டு முதலில் நைட்ரைட்டாகவும், பின் நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரசு ஆக்சைடு ஆகவும், இறுதியில் நைட்ரசன் வாயுவாகவும் மாறிக் காற்றில் கலக்கிறது. இதற்கு நைட்ரசனிறக்கம் என்று பெயர். செடிகளும் நைட்ரேட்டை உறிஞ்சும். ஆனால் இலை உதிர்ந்து மக்கும்போது அது மண்ணுக்கே திரும்பிவிடும். வினை பாதியில் நின்றால் வெளியேறும் நைட்ரசு ஆக்சைடு, கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு வலிமையான பசுமை இல்ல வாயு.

அமெரிக்காவின் மேரிலாந்தில் மக்காச்சோள வயலுக்கும் ஓடைக்கும் இடையிலிருந்த கரையோரக் காட்டை ஆராய்ந்த பீட்டர்ஜான், கோரெல் ஆகியோர், அக்காடு தன்னை வந்தடைந்த நைட்ரசனில் 89 விழுக்காட்டைத் தடுத்துவிட்டதை 1984இல் வெளியிட்டனர்.

பாலாற்றில் நிலைமை வேறு. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் மணலாறு அது. மணலில் கரிமப்பொருள் குறைவு. நீரும் வேகமாக ஊடுருவிப் போய்விடும். மணல் அள்ளுவதாலும் ஆழ்துளைக் கிணறுகளாலும் நீர்மட்டம் இறங்கிய இடங்களில், நைட்ரேட்டு கலந்த நீர் வேர்களுக்கு வெகு கீழே சென்று கிணறுகளைச் சேர்கிறது. பார்வைக்குத் தாழ்நிலம் அப்படியே இருக்கும். வேலை மட்டும் நடப்பதில்லை. குடிநீரில் நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிசனைக் கொண்டுசெல்லும் திறன் குறைந்து உடல் நீலம்பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் நைட்ரேட்டு போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

கோரையும் சம்பும் மண்டிய ஏரி ஓரங்களிலும் வாய்க்கால்களிலும் இவ்வினை நன்கு நடக்கும். நீர் நிற்கும் நெல்வயலே ஒரு நைட்ரசனிறக்கக் களம்தான். உழவருக்கு அது உர இழப்பு, கீழேயுள்ள கிணற்றுக்கு இலாபம்.

ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரை இதே வழியில் தூய்மையாக்கிவிட முடியாது. அதிலுள்ள உப்பையும் குரோமியத்தையும் நைட்ரசனிறக்கம் தொடுவதில்லை. தோலிலிருந்து வரும் நைட்ரசனும் பெரும்பாலும் புரதமாகவும் அமோனியமாகவும் இருப்பதால், முதலில் ஆக்சிசன் உள்ள இடத்தில் நைட்ரேட்டாக மாறிய பின்பே ஈரநிலத்தில் நீங்கும்.