ஹெடர் மாட்டப் போறீங்களா? முதல்ல ஸ்டட்டைப் பாருங்க

எங்க சித்தப்பாகிட்ட 2001 மாடல் ஹோண்டா சிட்டி வி-டெக் ஒன்னு இருக்கு. 1.5 லிட்டர் இன்ஜின், 106 எச்பி. 2003-ல அடுத்த சிட்டி வந்தப்போ அதே 1.5 லிட்டருக்கு 77 எச்பிதான் கொடுத்தாங்க. பழைய வி-டெக் வச்சிருக்கறவங்க ஏன் அதை விக்கவே மாட்டேங்கறாங்கன்னு இதுலயே தெரியும். போன செமஸ்டர் லீவுல அந்தக் காருக்கு ஹெடர் மாட்டலாம்னு நானும் ரூம்மேட்டும் இறங்கினோம். திங்கட்கிழமை காலைல கார் வேணும்னு சித்தப்பா ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார். ஞாயிறு மதியம் வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு.

முதல்ல ஹெடர் என்ன பண்ணுதுன்னு பார்த்துடலாம். "புகை ஃப்ரீயா வெளிய போகும், அதனால பவர் கூடும்"னு எல்லாரும் சொல்லுவாங்க. அது பாதிதான் உண்மை. எக்ஸாஸ்ட் வால்வ் திறந்ததும் சிலிண்டர்ல இருக்கற அழுத்தம் ஒரு அலையா பைப்புக்குள்ள ஓடுது. பைப்புகள் ஒன்னா சேர்ற கலெக்டர்ல இடம் திடீர்னு அகலமாகறதால, அந்த அலை குறைஞ்ச அழுத்த அலையா மாறித் திரும்பி வருது. எக்ஸாஸ்ட் வால்வ் மூடப்போற, இன்டேக் வால்வ் திறந்திருக்கற அந்தச் சின்ன ஓவர்லேப் நேரத்துல அது வந்து சேர்ந்தா, மிச்சம் இருக்கற புகையை உறிஞ்சி வெளிய இழுக்கும். புது கலவை உள்ள வர இடம் கிடைக்கும். ஸ்கேவெஞ்சிங்னு தெர்மல் பேப்பர்ல ரெண்டு மார்க்குக்கு எழுதினோமே, அதேதான்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. சூடான புகைல ஒலியோட வேகம் வினாடிக்கு 550 மீட்டர்னு வச்சுக்குங்க. 1 மீட்டர் பைப்புல அலை போய்த் திரும்ப சுமார் 3.6 மில்லிசெகண்ட் ஆகும். அந்த நேரத்துல கிராங்க் 6000 ஆர்பிஎம்ல 131 டிகிரி சுத்தியிருக்கும், 3000-ல 65 டிகிரிதான். பைப்போட நீளம் மாறாது, ஆனா இன்ஜின் வேகம் மாறிக்கிட்டே இருக்கு. அதனால எந்த ஹெடரும் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம் வட்டாரத்துலதான் உதவும். "எல்லா ரேஞ்சுலயும் பவர் கூடும்"னு யாராச்சும் வித்தா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

கடைல 4-1, 4-2-1னு ரெண்டு வகை காட்டுவாங்க. 4-1ல நாலு பைப்பும் ஒரே இடத்துல சேரும். ரெட்லைன் பக்கம் நல்லா இழுக்கும், ரேஸ் டிராக்குக்குச் சரி. 4-2-1ல 1-ஐயும் 4-ஐயும் ஒரு ஜோடி, 2-ஐயும் 3-ஐயும் ஒரு ஜோடி. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2ங்கறதால ஒவ்வொரு ஜோடிக்குள்ளயும் 360 டிகிரி இடைவெளி இருக்கு, ஒருத்தர் அலை இன்னொருத்தரைத் தடுக்காது. நடு ஆர்பிஎம்ல பலன் தரும். நம்ம அவினாசி ரோடு டிராஃபிக்குக்கு இதுதான். அதுக்காக கம்பெனி போட்ட வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கேவலமா பேசாதீங்க. சத்தம் அடக்கும், இருபது வருஷமானாலும் விரிசல் விடாம கிடக்கும். அதை எடுத்துட்டு நமக்குக் கிடைக்கப்போறது ஒற்றை இலக்க எச்பிதான்.

சரி, வேலைக்கு வருவோம். இந்தக் கார்ல எக்ஸாஸ்ட் முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்த மாதிரி இருக்கு. பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, ஃபேனை எடுத்தா கை போக இடம் கிடைக்கும். அடுத்து ஹீட் ஷீல்டு. ஆக்சிஜன் சென்சரை இன்ஜின் லேசா சூடா இருக்கும்போதே, ஒயர் போறதுக்கு வெட்டு விட்ட 22 எம்எம் சாக்கெட்டால கழட்டுங்க. அப்புறம் இன்ஜின் நல்லா ஆறட்டும்.

அடுத்தது ஸ்டட். மேனிஃபோல்டைப் பிடிச்சிருக்கற ஸ்டட் இரும்பு, அது இறங்கியிருக்கற ஹெட் அலுமினியம். நடுவுல இருபது வருஷத்துச் சூடும் துருவும். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கற ஆயிலை அடிச்சு விடணும், காலைல இன்னொரு தடவை. நட்டை நேரா லூஸ் பண்ணாம, முதல்ல இம்மி அளவு இறுக்கி, அப்புறம் லூஸ் பண்ணி, மறுபடி இறுக்கி, இப்படி முன்ன பின்ன ஆட்டி எடுக்கணும். இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கடைசி நட்டுக்கு ஸ்பானர்ல இரும்பு பைப்பை மாட்டி ஒரு இழு இழுத்தேன். "டக்".

ஞாயிறு மதியம் மூணு மணி. உடைஞ்ச ஸ்டட் ஹெட்டுக்கு வெளிய ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கிட்டு இருந்தது. அது எங்க அதிர்ஷ்டம். மட்டமா உடைஞ்சிருந்தா டிரில் போடணும். டிரில் பிட் கெட்டியான ஸ்டட்டை விட்டு விலகி மெத்துனு இருக்கற அலுமினியத்துக்குள்ள போச்சுன்னா மரை காலி, ஹெட்டையே கழட்ட வேண்டி வரும். இந்தக் காருக்கு இப்ப ஹெட் தேடறது என்ன பாடுன்னு சித்தப்பாவைக் கேளுங்க. தெரு முனை லேத் பட்டறை அண்ணன் வந்து குனிஞ்சு பார்த்துட்டு, "ஏன் கண்ணு, பைப்பு போட்டுத் திருகுனீங்களா?"ன்னு மட்டும் கேட்டார். நீட்டிக்கிட்டு இருந்த துண்டு மேல புது நட் ஒன்னை வச்சு வெல்டு பண்ணினார். அந்தச் சூட்டுல விரிஞ்சு, ஆறும்போது சுருங்கி, துருப்பிடி விடும். மூணாவது வெல்டுல கழண்டுச்சு. நான் அப்பதான் தரைல உட்கார்ந்தேன்.

மாட்டும்போது புது கேஸ்கெட், புது ஸ்டட், புது நட் போடுங்க. ஹெடர் ஃபிளாஞ்சு மட்டமா இருக்கான்னு ஸ்டீல் ஸ்கேலை வச்சு வெளிச்சத்துல பாருங்க, விலை குறைஞ்ச ஹெடர்ல வெல்டிங் சூட்டுல வளைஞ்சிருக்கும். நட்டுகளை நடுவுல இருந்து வெளிப்பக்கமா, ரெண்டு மூணு சுத்தா, சர்வீஸ் மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு இறுக்குங்க. கேஸ்கெட்டுக்கு மேல சிலிகான் பேஸ்ட் தடவறேன்னு யாராச்சும் வந்தா கையைப் பிடிச்சுக்குங்க, அந்த ஆவி ஆக்சிஜன் சென்சரைக் கொன்னுடும். சென்சருக்கு முன்னாடி சின்னதா லீக் இருந்தாலும் தொல்லைதான். அலைகளுக்கு நடுவுல வெளிக்காத்து உள்ள இழுபடும், பெட்ரோல் கம்மின்னு ஈசியு நினைச்சு கூட ஊத்தும், மைலேஜ் போயிடும்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மட்டும் எடுக்காதீங்க. அதை அப்படியே விட்டு மாட்டற மாதிரி ஹெடர் வாங்குங்க. புகை, சத்தம் விதிமீறலுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல முதல் தடவையே 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரை சிறைக்கும் இடம் உண்டு. அதை விடுங்க, கன்வெர்ட்டர் இல்லாத கார் பின்னாடி பைக்ல நிக்கறது நாமதான்.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஜாயின்ட்டுகள்ல சோப்புத் தண்ணி அடிச்சு வச்சா, ஸ்டார்ட் ஆன முதல் நிமிஷத்துல லீக் இருந்தா நுரை காட்டிக் கொடுத்துடும். நாலஞ்சு நாள் ஓட்டினதும், இன்ஜின் ஆறினப்புறம் எல்லா நட்டையும் இன்னொரு தடவை டார்க் வச்சுப் பாருங்க. எங்களுதுல ரெண்டு இளகியிருந்தது.

திங்கட்கிழமை காலைல சித்தப்பா காரை எடுத்தார். மூணாவது கியர்ல 4000 தாண்டினதும் இழுக்கறது தெரியுதுன்னார். சத்தமும் பிடிச்சிருக்காம். ஆயில் சம்ப்புக்குக் கீழ பைப் முன்னைவிட இறங்கித் தொங்கறதை மட்டும் நான் சொல்ல மறந்துட்டேன். இப்ப எங்க காலேஜ் கேட் ஸ்பீடு பிரேக்கர்ல காரைக் கொஞ்சம் கோணலா சாய்ச்சுத்தான் ஏத்தறார்.