ஒரே பலகையில் ஒரு காடு

இந்த பிர்ச் மரக்காட்டின் எல்லா நிறங்களும் ஒரே லினோலியம் பலகையிலிருந்து வந்தவை. வெள்ளை அடிமரங்களுக்கு மையே இல்லை. அது வெறும் தாள். கலைஞர் முதலில் செதுக்கி எடுத்தது அந்த இடங்களைத்தான். மீதிப் பலகையில் வெளிர்மஞ்சள் மை தடவி எல்லாத் தாள்களிலும் அச்சிட்டார். பிறகு மஞ்சளாகவே நிற்க வேண்டிய வெயில் திட்டுகளையும் செதுக்கி நீக்கிவிட்டு, மேலே இளம்பச்சை. அடுத்தது கரும்பச்சை. கடைசி நீலக்கருப்புக்கு வரும்போது பலகையில் எஞ்சியவை சுள்ளிகளும் நிழலும் மட்டுமே.

எண்ணெய் மை என்றால் ஒவ்வொரு நிறமும் காய நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். தாள் மயிரிழை நகர்ந்தாலும் இலை கிளையை விட்டு விலகிவிடும். அப்படிக் கெடும் தாள்களையும் எண்ணி, முதல் நிறத்திலேயே கூடுதலாக அச்சிட்டுக்கொள்வார்கள். செதுக்கிய இடத்தைத் திரும்ப ஒட்ட முடியாதே!

பிக்காசோ 1958-இல் நிறத்துக்கொரு பலகை வெட்டி ஒரு பெண்ணின் உருவத்தை அச்சிட்டார். அதன் பிறகு, பிரான்சின் வல்லோரிஸ் ஊரில் அச்சாளர் இதால்கோ அர்னேராவோடு சேர்ந்து இந்த ஒற்றைப் பலகை முறையில் இறங்கினார். முறை அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் அதன் துணிச்சலை உலகம் அறிந்தது அவரால்தான்.

படத்தின் கீழே பென்சிலில் எழுதிய எண்ணைப் பாருங்கள். அச்சிட்ட பிரதிகள் அவ்வளவுதான். இதற்கு மறுபதிப்பு கிடையாது.