கிறிஸ்துமஸ் வில்லை

கிறிஸ்துமஸ் வில்லை என்பது பார்ப்பதற்கு அஞ்சல்தலை போலவே இருக்கும். ஆனால் அஞ்சல் கட்டணமாகச் செல்லாத ஒட்டுத்தாள் ஆகும். காசநோயாளிகளுக்கு நிதி திரட்டுவதற்காக 1904 டிசம்பரில் டென்மார்க் நாட்டில் உலகிலேயே முதன்முதலாக இது வெளியிடப்பட்டது. நம் ஊர்ப் பள்ளிகளில் மாணவர்களிடம் விற்கப்படும் காசநோய் வில்லையும் இந்த வழியில் வந்ததே.

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் டிசம்பர் மாதம் பிற்பகல் நான்கு மணிக்குள் இருட்டிவிடும். அந்த இருட்டுக் காலத்தில்தான் சதுக்கங்களில் கிறிஸ்துமஸ் சந்தைகள் கூடுகின்றன. சிவப்பு, வெள்ளைத் தாள்களைப் பின்னிச் செய்த இதய வடிவக் கூடைகள், சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம் ஆகியவை அங்கு விற்கப்படும். டிசம்பர் 24 இரவு விருந்தில் பால்சோற்றுக்குள் ஒரு முழுப் பாதாமை ஒளித்து வைப்பார்கள். அது யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்குப் பரிசு. வாய்க்குள் அடக்கிக்கொண்டு கடைசிவரை காட்டாதவர்களும் உண்டு!

உற்றாருக்கு வாழ்த்து அட்டை அனுப்புவதும் அப்பண்டிகையின் வழக்கம். ஐனார் ஹோல்போல் என்ற அஞ்சல் ஊழியர், குவிந்து கிடந்த வாழ்த்துக் கடிதங்களைப் பிரிக்கும்போது, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வில்லையைக் கூடுதலாக ஒட்டச் செய்தால் பெருந்தொகை சேருமே என்று எண்ணினார். மன்னர் ஒன்பதாம் கிறிஸ்தியான் அதை ஏற்றார். மறைந்த அரசி லூயிசின் படத்துடன் வில்லை வெளிவந்தது. விலை 2 ஓரே மட்டுமே. முதல் ஆண்டிலேயே 40 லட்சத்துக்கு மேல் விற்றது. வில்லை விற்பனையில் சேர்ந்த நிதியைக் கொண்டு பின்னர் கோல்டிங் நகரில் காசநோய்க் குழந்தைகளுக்கான மருத்துவமனை எழுந்தது.

அந்நாளில் இந்நோய்க்கு மருந்து கிடையாது. ராபர்ட் காக் 1882-இல் கிருமியைக் கண்டறிந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததோ 1940-களில்தான். நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு இவையே சிகிச்சை. இந்த முறையில் அமைந்ததுதான் 1928-இல் சவுரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம். நோயாளியை வீட்டிலேயே வைத்து மாத்திரையால் குணப்படுத்தலாம் என்று 1950-களில் நடந்த சென்னை ஆய்வு உலகுக்குக் காட்டிய பிறகே அத்தகைய மருத்துவமனைகளின் தேவை குறைந்தது.

இந்தியக் காசநோய்ச் சங்கம் 1939-இல் அமைந்தது. அதன் வில்லை விற்பனை ஆண்டுதோறும் காந்தி பிறந்த நாளில் தொடங்கும். நாமக்கல் பக்கம் நான் பணியாற்றிய பள்ளியிலும் வில்லைத் தாள்கள் வரும். தாள் தீர்ந்தால் போதும் என்று விற்றோமே தவிர, அதிலுள்ள இரட்டைக் குறுக்குச் சிலுவை எதற்கு என்று நாங்கள் சொல்லித் தந்ததில்லை. அது மதச் சின்னம் என்று நினைத்து வாங்க மறுத்த பெற்றோரும் உண்டு. உண்மையில் அது 1902-இல் பெர்லினில் கூடிய மாநாட்டில் காசநோய் எதிர்ப்பின் அடையாளமாக முன்மொழியப்பட்டது. ஒரு மாணவன் அஞ்சல்தலைக்குப் பதில் இந்த வில்லையை மட்டும் ஒட்டி மாமாவுக்குக் கடிதம் போட்டுவிட்டான். மாமா இரட்டைக் கட்டணம் கட்டித்தான் அதை வாங்கினார்.

டென்மார்க்கில் காசநோய் அருகிவிட்டதால், தனிமையாலும் பிறரின் கேலியாலும் வாடும் சிறுவர்கள் சில வாரங்கள் தங்கித் தேறும் இல்லங்களுக்கு இன்று அந்த நிதி செல்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர் என்பதால், இங்கே வில்லையின் வேலை இன்னும் மாறவில்லை.